ஒற்றைத் தட்டு வில்லை

போன வாரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, சில்லறைக்குப் பஞ்சம் வந்த அந்த வருஷத்தைப் பற்றி நீங்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பேசினீர்கள். பஸ்ஸில் பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்ததை ஒருவர் சொன்னார். தபால் தலையைக் கொடுத்து வெற்றிலை வாங்கியதை இன்னொருவர் சொன்னார். பிறகு மளிகைக் கடை வில்லையின் பேச்சு வந்தது. "அந்த ஒத்தைத் தட்டு வில்லை ஞாபகம் இருக்கா? லேத்துப் பட்டறைக்காரரு தம்பி திருட்டுத்தனமா அடிச்சு விட்டானே" என்று நம்மில் ஒருவர் கேட்டதும் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். நான் வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் ஒரு வேலையும் கிடக்கவில்லை.

அந்தப் பட்டறைக்காரர் என் அப்பா. அவருடைய தம்பி என் சித்தப்பா. நான் கல்யாணமாகி வெளியூர் போய், தலை நரைத்த பிறகு ராஜபாளையத்துக்குத் திரும்பியவள் என்பதால் உங்களில் பலருக்கு இது தெரியாது. சித்தப்பா அந்த வில்லைகளை வெளியே விடவில்லை. விட்டவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஐந்து பைசாவும் பத்துப் பைசாவும் எங்கே போயின என்றே தெரியவில்லை. உருக்கிப் பாத்திரம் செய்கிறார்கள் என்று ஒரு பேச்சு. பெரிய ஆட்கள் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. கடைக்குப் போனால் பாக்கிக்குப் பதிலாகக் கொஞ்சம் கறிவேப்பிலையையோ இரண்டு மிட்டாயையோ கையில் திணித்து அனுப்புவார்கள். அம்மாவுக்கு அதில் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மிட்டாயக் குடுத்தா பஸ்ஸுக்காரன் டிக்கெட்டு கிழிப்பானா?" என்று கடை வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கிறாள்.

பஜாரில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தவரை ஊரே முதலாளி என்றுதான் சொல்லும். அவர்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பாக்கி தரச் சில்லறை இல்லையென்றால் அலுமினியத்தில் செய்த ஒரு வில்லை தருவார். அடுத்த முறை அந்த வில்லையைக் கொடுத்து அதே விலைக்குச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் மொழுக்கையாக இருக்கும். மறுபக்கம் ஒரு தராசும் அதற்குக் கீழே ஐந்து அல்லது பத்து என்ற எண்ணும் இருக்கும். முதலாளி சொன்ன சொல் மாறாதவர் என்று பெயரெடுத்திருந்ததால் அவருடைய வில்லையைக் கொஞ்ச நாளிலேயே எல்லாரும் வாங்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் வாங்கினார்கள், முடி வெட்டுகிறவர் வாங்கினார், வாடகை சைக்கிள் கடையில் வாங்கினார்கள். கோவில் உண்டியலில்கூட விழுந்தது என்பார்கள். காசு கீழே விழுந்தால் கணீரென்று கேட்கும். இது விழுந்தால் சொத்தென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வியர்த்த கையில் செத்த நேரம் வைத்திருந்தால் உள்ளங்கை கறுத்து, கழுவினாலும் போகாத ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை எனக்குப் பிடித்திருந்தது.

வில்லை அடிக்கும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. மில்லுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரி பாகங்களைச் செய்து கொடுக்கும் பட்டறை அது, வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. வரவு செலவும் ஆட்களைப் பார்ப்பதும் அப்பா. கை வேலை எல்லாம் சித்தப்பா. வில்லைக்கான அச்சை அவர்தான் எஃகில் வெட்டினார். கண்ணில் ஒரு லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒரு வாரம் குனிந்தபடியே இருந்தார். தராசுத் தட்டைத் தாங்கும் மூன்று சங்கிலியும் தனித்தனியாகத் தெரிந்தன. முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தம்பி, ஒன் கைக்குப் பவுன்ல காப்பு போடணும்" என்றார். சித்தப்பாவுக்கு அந்தத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். "காப்பெல்லாம் மாமனார் போடுவாரு மொதலாளி, நீங்க கல்யாணச் சமையலுக்கு மளிகையைப் போடுங்க" என்று இவர் சொல்ல, பட்டறையே சிரித்தது.

வில்லை அடிப்பதற்கு இரண்டு பேச்சு வைத்திருந்தார்கள். முதலாளி கடைக் கணக்குப்பிள்ளை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் அச்சு மாட்டிய கைப் பிரஸ்ஸைச் சுற்ற வேண்டும். அச்சு சரியாக விழாத வில்லையை அந்த இடத்திலேயே தகடு வெட்டும் கத்திரியால் இரண்டாக வெட்டித்தான் கழிவு டப்பாவில் போட வேண்டும். சித்தப்பா தவறாமல் வெட்டுவார். வெட்டுப்பட்ட பாதி நிலாக்கள் அந்த டப்பாவில் நிறையக் கிடக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அச்சு தேய ஆரம்பித்தது. தராசின் இடது தட்டு சரியாக விழவில்லை. கொஞ்ச நாளில் இடது பக்கம் முழுக்கவே மொட்டையாகிவிட்டது. தண்டும் வலது தட்டும் மட்டும் விழும். "அண்ணே, புது அச்சு வெட்டிருதேன். பாதிக்குப் பாதி கழிவாப் போகுது" என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு அவசரம். மேற்கே மலையை மழை மூடிக்கிடந்தது, கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது, மில் வேலையும் தேங்கிக் கிடந்தது. "கையில இருக்கிறத முடிச்சிட்டுப் பொறவு வெட்டு. நல்லதா விழுந்ததப் பொறுக்கிக் குடு. மிச்சத்த வெட்டிக்கிட்டு உக்காராத, எல்லாத்தயும் உருக்கத்தான போறோம்" என்றார். நான் பட்டறை வாசலில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து கழிவு டப்பாவில் முழு வில்லைகள் விழுந்தன. கணக்குப்பிள்ளை நல்ல வில்லையை எண்ணி வாங்குவதோடு சரி, டப்பாப் பக்கம் திரும்ப மாட்டார். எனக்குக் கொண்டாட்டம். தெருவில் நாங்கள் கடை விளையாட்டு விளையாடுவோம். மண்தான் அரிசி, செங்கல் தூள்தான் மிளகாய்ப் பொடி. எப்போதும் புளியங்கொட்டைதான் காசு. நான் ஒரு கை நிறைய ஒற்றைத் தட்டு வில்லையைக் கொண்டுபோய்க் கொட்டியதும் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அடுத்த தெருப் பூக்காரம்மா மகள்தான் எனக்குக் கூட்டாளி. விளையாட்டு முடிந்ததும் தன் பங்கு வில்லைகளை அவள் திருப்பித் தரவில்லை, பாவாடையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் வரும்போது ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்தாள்.

"எங்கம்மா குடுத்துச்சு. இன்னும் இருந்தா தாட்டி" என்றாள்.

கொடுத்தேன். தினமும் கொடுத்தேன். தினமும் என் தலையில் பூ இருந்தது. அவள் அம்மா அந்த வில்லைகளை விளக்கு வைக்கிற நேரத்தில், கடையில் கூட்டம் நெரியும்போது கொடுத்து எண்ணெயும் பருப்பும் வாங்கியிருக்கிறாள். அந்தப் பூக்காரம்மா மீது எனக்கு இப்போதும் கோபம் இல்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள், மழையில் பூ விற்காது. எனக்கு அந்த வில்லை விளையாட்டுச் சாமான் இல்லை என்று தெரிந்திருந்தது என்பதை மட்டும் நான் மறைக்க மாட்டேன். பூ யார் கொடுத்தது என்று அம்மா கேட்டபோது, "சும்மாதான் குடுத்தா" என்றேன். சும்மா கிடைத்ததாக இருந்தால் நான் ஏன் டப்பாவில் கை விடுவதற்கு முன்னால் சுற்றிலும் பார்த்தேன்?

கார்த்திகை பிறந்தபோது அந்த வில்லை ஊரைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. முதலில் டீக்கடைக்காரர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சேத்தூரிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர் எங்கள் வாசலில் நின்றுகொண்டு ஒரு கதை சொன்னார். அவர் கையில் ஒற்றைத் தட்டு வந்த அன்றைக்கு அவருடைய கன்று செத்துப்போனதாம். "தட்டு இல்லாத தராசு வீட்டுக்கு வந்தா வீட்டுல ஒரு ஆளு கொறையுமாம்மா. எங்க ஊருல ஒரு பொம்பள அதக் கெணத்துல வீசிட்டு வந்து தல முழுகுச்சு" என்றார். அம்மா பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். அதற்குப் பிறகு தினம் ஒரு செய்தி வந்தது. யாருக்கோ காய்ச்சல் என்றார்கள், யாரோ மில்லில் விரலைக் கொடுத்துவிட்டார் என்றார்கள், எல்லாவற்றுக்கும் அந்த வில்லையைத்தான் சொன்னார்கள். சாப்பிட உட்காரும்போது நான் தலைகளை எண்ணுவேன். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். நான்கும் இருக்கிறதென்று பார்த்த பிறகுதான் சோறு இறங்கும். அப்படியும் பூ வாங்குவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூட்டாளி எல்லாரிடமும் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா பட்டறை வாசலில் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பூ யாரு குடுத்தா?"

"கூட்டாளி."

"சும்மாவா?"

அவர் என் தலையிலிருந்த ஊசியை மெதுவாக எடுத்து என் கையில் கொடுத்தார். பூவை உருவிக்கொண்டு போய் உலையில் போட்டார். மல்லிகை கருகுகிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள், முகராமல் இருப்பதே நல்லது. அடித்திருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கழிவு டப்பா பூட்டு போட்ட அறைக்குள் போயிருந்தது. சித்தப்பா, "டப்பாவ எங்கண்ணே காணோம்?" என்று கேட்டதற்கு, "எடம் அடைக்குதுன்னு உள்ள வச்சேன்" என்றார்.

அந்த வாரமே முதலாளி வந்தார். எப்போதும் சிரித்துக்கொண்டு வருகிறவர் அன்று செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, ஒரு மஞ்சள் பையை வேலை மேஜையில் கவிழ்த்தார். ஒற்றைத் தட்டு வில்லைகள் குவியலாக விழுந்தன.

"எம்புட்டுன்னு எண்ணக்கூட மனசு வரல. என் பேரச் சொல்லி வாங்குன வில்லைய இன்னிக்கு நாயும் மோந்து பாக்க மாட்டேங்கு. கடைக்கு வாரவன் என் கையத் தொடப் பயப்படுதான்" என்றார்.

சித்தப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது நம்ம கழிவுதான் மொதலாளி. வெளிய எப்படிப் போச்சுன்னுதான் தெரியல."

"வெட்டித்தான் போடணும்னு பேச்சா இல்லையா?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். நானும் கதவோரம் நின்று அப்பாவைத்தான் பார்த்தேன். அப்பா கைகளைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் வெட்டிப் போடத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

சித்தப்பாவின் வாய் லேசாகத் திறந்து மூடியது. அண்ணன் மறந்துவிட்டாரோ என்று நினைத்திருப்பார். அண்ணனைப் பொய்யன் ஆக்க அவருக்கு மனம் வரவில்லை. "தப்பு எம்மேலதான், வெட்டாமப் போட்டுட்டேன். ஆனா ஒண்ணக்கூட நான் வெளிய விடல மொதலாளி" என்றார்.

"போலீசு, கோர்ட்டுன்னு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலைய எனக்கு நேரமில்ல. அய்யனார் கோவில்ல சூடத்த அணைச்சுச் சொல்லு. சொல்லிட்டா நானும் நம்புதேன், ஊரும் நம்பும். ஒன் கல்யாணத்துக்கு மளிகையும் நானே போடுதேன்."

"சொல்லுதேன் மொதலாளி. நாளைக்கே வாரேன்." சித்தப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. பொய் சொல்லாதவனுக்குச் சூடம் அணைப்பதில் என்ன பயம்?

"வழக்கப்படி வீட்டுப் பிள்ளைய முன்னால நிறுத்தணும். ஒனக்குப் பிள்ளை இல்ல, அண்ணன் மகளக் கூட்டிட்டு வா."

"பிள்ளை எதுக்கு?" என்றார் அப்பா. அவர் குரல் உயர்ந்துவிட்டது.

"எதுக்குப் பயப்படுதீரு?" என்று முதலாளி கேட்டார்.

மறுநாள் காலையில் முதலாளியின் வேனில் போனோம். முதலாளி, கணக்குப்பிள்ளை, சாட்சிக்கு டீக்கடைக்காரர், அப்பா, சித்தப்பா, நான். மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் இறங்கி நடந்தோம். மழை விட்டிருந்தாலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது, பக்கத்தில் பேசினால்கூடக் காதில் விழவில்லை. சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பாறைகளைத் தாண்டினார். "ஏட்டி பாப்பா, சூடம் சுடப்போறது என் கைய. நீ எதுக்கு நடுங்குத?" என்று காதில் கேலி செய்தார். அவருடைய சட்டையில் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது.

சாமிக்கு முன்னால் ஒரு தட்டையான கல்லில் சூடத்தை ஏற்றினார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் என்னை நிறுத்தினார்கள், இந்தப் பக்கம் சித்தப்பா. சொல்ல வேண்டியதை முதலாளி ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுத்தார், சித்தப்பா சூடத்தை அணைக்கக் கையை ஓங்கியபடி சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"அய்யனாரே, இந்த வில்லைய வெளிய விட்டது நானில்ல."

"வெளிய விட்டது நானில்ல."

"எந்தக் கை வெளிய விட்டுச்சோ..."

"எந்தக் கை வெளிய விட்டுச்சோ..."

"அந்தக் கை வெளங்காமப் போகணும்."

நான் என் வலது கையைப் பின்னால் கொண்டுபோனேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. பாவாடை மடிப்புக்குள் அதைத் திணித்து, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா கடைசித் துண்டைச் சொல்வதற்காக வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பின்னால் போன கையைப் பார்த்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடம் எரிந்துகொண்டே இருந்தது. "சொல்லுப்பா" என்றார் முதலாளி. ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னார்.

சித்தப்பா ஓங்கியிருந்த கையைக் கீழே போட்டார்.

"நாந்தான் விட்டேன் மொதலாளி."

டீக்கடைக்காரர் "அடப்பாவி" என்றார். முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சூடத்தை யாரும் அணைக்கவில்லை, அது தானாக எரிந்து கல்லில் கரி பிடித்து அடங்கியது. அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. சித்தப்பாவும் விட்டிருக்கிறார், நான் மட்டும் இல்லை என்று நினைத்தேன். திரும்பி வரும்போது வேனில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

அந்த வாரமே பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தார். அரத்தையும் உளியையும் அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. வில்லை சில மாதங்களில் ஒழிந்துபோனது, சில்லறையும் வந்துவிட்டது. முதலாளி நல்ல வில்லைகளுக்கெல்லாம் மறுக்காமல் சாமான் கொடுத்தார். எங்கள் பட்டறைக்கு வேலையும் கொடுத்தார். அப்பாவைத் திருடனுக்கு அண்ணனாகப் பிறந்த நல்லவர் என்று ஊர் சொன்னது. அவர் காப்பாற்றியது என்னையா, தன் பட்டறையையா என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒற்றைத் தட்டை ஊருக்குள் விட்டவள் என்ற பெயரோடு ஒரு பெண் பிள்ளை இந்த ஊரில் வளர்ந்திருக்க முடியாது என்பது உண்மை. அவர் என்னிடம் கடைசி வரை அதைப் பற்றிப் பேசவில்லை என்பதும் உண்மை.

என் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. சித்தப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கிழிசல் இல்லாத சட்டை. எல்லாரும் அட்சதை போட்டபோது அவர் கடைசித் தூணருகே நின்றார். தட்டைக் கொண்டுபோய் நீட்டியவனிடம் வேண்டாம் என்று தலையசைத்ததை நான் மணவறையிலிருந்து பார்த்தேன். பிறகு காலில் விழப் போனேன். அவர் இரண்டு அடி பின்னால் போய், "நல்லாயிரு பாப்பா. ஆசீர்வாதத்த ஒங்கப்பாகிட்ட வாங்கிக்க" என்றார். என் தலையைத் தொடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் எனக்கு விவரம் வந்திருந்தது, அவர் எனக்காகத்தான் பொய் சொன்னார் என்று புரிந்திருந்தது. ஆனாலும் மனிதர் மனதுக்குள் என்மேல் கோபத்தை வைத்திருக்கிறார், கல்யாணத்தன்றுகூட விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீம்பில் பல வருஷம் அவரைப் போய்ப் பார்க்காமலே இருந்தேன். அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான் ஓடினேன்.

காரியமெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அட்சதை போடாம நின்னாருல்ல, அம்புட்டுக் கோவம் எம்மேல" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"கோவமா? நான் அன்னிக்கே கேட்டேன்டி. என்ன கொழுந்தனாரே, பிள்ளைக்கு நாலு அரிசி போடக் கை வரலையான்னு கேட்டேன். அவிய என்ன சொன்னாவ தெரியுமா? 'மதினி, அய்யனாருக்கு முன்னால அந்தச் சாபத்த ஏத்துக்கிட்ட கை இது. இதுல இருந்து ஒரு அரிசிகூடப் பாப்பா தலையில விழக்கூடாது. அந்த வெளங்காத சொல்லு என்னோட போகட்டும்'னாவ."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கு இத்தனை வருஷமும் ஒன்றுமே ஆகவில்லை.